வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்த அலமாரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. வீட்டு அலங்கார இதழ் ஒன்றின் ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "மேடம், வீட்டிலேயே எளிமையா மரத்துல புத்தக அலமாரி செய்யறது எப்படின்னு ஒரு கட்டுரை வேணும். நீங்கதான் புத்தகத்தோடயே குடித்தனம் நடத்தறவங்களாச்சே" என்றார். புத்தகத்தோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு ஆணி அடிக்கத் தெரிந்திருக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ! நான் அடித்த ஒரே ஆணி இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. அதில் எதை மாட்டினாலும் வழுக்கி விழும். இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இப்படித்தான் தொடங்கினேன்:

முதலில் நன்றாக உலர்ந்த பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஈரம் காயாத பலகை நாளாக ஆக வளைந்து, உங்கள் —

[உங்கள் மானத்தை வாங்கும் என்று எழுதப் போனேன். அலங்கார இதழில் அப்படியெல்லாம் எழுதக் கூடாதாம்.]

அலமாரி நிற்கப்போகும் இடத்தை அளந்துகொள்ள வேண்டும். அளக்கும்போது டேப்பைத் தொய்யவிடாமல் —

இங்கேதான் வம்பு வந்து சேர்ந்தது. 'டேப்' என்று எழுதியதும் என் கண்ணில் பட்டது தச்சருடைய இரும்பு டேப் அல்ல. கழுத்தில் தொங்குகிற துணி டேப். அந்தக் கழுத்துக்கு மேலே ஒரு முகம், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, உதட்டோரம் இரண்டு குண்டூசி. இவர் யார், தச்சு வேலைக் கட்டுரையில் இவருக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் குனிந்து சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார். நான் கட்டுரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். ஆசிரியர் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும். அலமாரி செய்வது எப்படி என்பது இதற்குள்ளும் இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும், அவ்வளவுதான்.

2

அந்தத் தையல்காரர் பள்ளிக்கூட யூனிஃபார்ம் மட்டும் தைப்பவர். வீட்டு முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மெஷின், பக்கத்தில் வெட்டுமேஜை, கொடியில் தொங்குவதெல்லாம் ஒரே நீலம், ஒரே சாம்பல். ஐம்பதைத் தொடுகிற வயதுவரை தனிக்கட்டையாக இருந்தவர், போன வருஷம்தான் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள், கணவனைப் பறிகொடுத்தவள். அவளுக்குப் பதினாலு வயதில் ஒரு பெண். ஆக, கல்யாணத்தோடு அந்த வீட்டுக்கு இரண்டு பேரும், ஒரு வண்டி நிறைய அட்டைப்பெட்டிகளும் வந்து இறங்கின.

மனைவி தன் பெட்டிகளை வந்த வாரமே பிரித்து அடுக்கிவிட்டாள். பெண் பிரிக்கவில்லை. அவளுக்கென்று ஒதுக்கிய சின்ன அறையில் கட்டிலுக்கடியிலும் சுவரோரமும் கயிறு கட்டியது கட்டியபடியே பெட்டிகள் இருந்தன. பெரும்பாலும் அவளுடைய அப்பாவின் புத்தகங்கள். அவர் ரேடியோ ரிப்பேர்க்காரர். சதுரங்கப் புத்தகமும் அட்டை கிழிந்த துப்பறியும் நாவலுமாக வாங்கிச் சேர்த்தவர். துணிமணியைக்கூட அவள் ஒரு பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்தினாள், துவைத்து மடித்து அதே பெட்டியில் வைத்தாள். எந்த நிமிஷமும் கிளம்பலாம் என்கிற மாதிரி இருந்தாள். அதனால் இந்தக் கதை முழுக்க அவளைப் பெட்டிக்காரி என்றே சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை.

பெட்டிக்காரி தையல்காரரை எப்படியும் கூப்பிடுவதில்லை. அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. மாமா என்றால் பொய். அங்கிள் என்றால் தெருவில் போகிறவர். ஆகவே எதுவுமே இல்லாமல் பேசப் பழகிக்கொண்டாள். "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு." "வாசல்ல ஆள் வந்திருக்காங்க." "அம்மா, அவங்களுக்கு போன்." மரியாதையில் ஒரு குண்டுமணிக் குறை கிடையாது. அவசரமாக அவர் கவனம் வேண்டுமென்றால் தொண்டையைச் செருமுவாள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.*

* இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றினால் நீங்களும் ஒரு நாள் யாரையும் எப்படியும் கூப்பிடாமல் பேசிப் பாருங்கள். நான் முயன்று பார்த்தேன். காலையிலேயே பால்காரரிடம் தோற்றுப்போனேன்.

இவ்வளவும் ஓடிக்கொண்டிருக்கும்போது பெண்ணின் அத்தை, அதாவது ரேடியோக்காரரின் அக்கா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். "உன்னை யாரும் கட்டாயப்படுத்தலடா. எங்க வீட்ல ரூம் சும்மாதான் கிடக்கு. லீவு முடியறதுக்குள்ள யோசிச்சு சொல்லு. வரேன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

[இந்த அத்தையைக் கெட்டவளாக எழுதியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். எழுதியும் பார்த்தேன். இரண்டு வரியில் நாடகக்காரி மாதிரி கண்ணை உருட்ட ஆரம்பித்துவிட்டாள். அடித்துவிட்டேன். அவள் நல்லவள். தம்பியின் சாயலை ஒரு பிள்ளை முகத்தில் தினம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அதில் என்ன குற்றம்?]

அம்மா, "அவ இஷ்டம்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்தாள், கிளினிக்கில் ஒரே டோக்கனை இரண்டு பேருக்குக் கொடுத்துத் திட்டு வாங்கினாள். தையல்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெட்டிக்காரியை ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் யூனிஃபார்முக்கு அளவெடுத்தவர் அவர்தான். அவள் உயரம், தோள், கை நீளம் எல்லாம் அத்துப்படி. அவளைத்தான் தெரியாது. அவள் இந்த வீட்டில் தங்க வேண்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதை எந்த வாயால் சொல்வது?

"ஒரு அலமாரி இருந்தா பெட்டியைப் பிரிச்சிடுவால்ல?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அலமாரி இல்லாததாலதான் பிரிக்காம இருக்கான்னு நினைக்கிறீங்களா?"

"தெரியல. ஆனா அலமாரி இல்லாம எங்க பிரிப்பா?"

"சரி, கடையில பாத்து ஒண்ணு வாங்கிட்டா போச்சு."

"வாங்கறது வேற. நானே பண்ணித் தரேன்."

"உங்களுக்குத் தச்சு வேலை தெரியுமாங்க?"

"துணியை வெட்டிச் சேக்கறேன், மரத்தை வெட்டிச் சேக்க மாட்டேனா?" என்றார். என்னைப் போலவே இன்னொரு ஆழம் தெரியாத பிறவி.

3

அலமாரி நிற்க அந்த அறையில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ஒரு சுவரைக் கட்டில் பிடித்துக்கொண்டது, ஒன்றில் ஜன்னல், ஒன்றில் மேஜை. மிச்சம், கதவு இருக்கிற சுவரில், கதவு நிலைக்கும் அறை மூலைக்கும் நடுவே உள்ள இடம். பெண் வெளியே போயிருந்த நேரம் பார்த்துத் தையல்காரர் உள்ளே நுழைந்தார். பெட்டிகளை மிதிக்காமல் தாண்டி, துணி டேப்பால் அகலம் பார்த்தார், உயரம் பார்த்தார், உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். ஒரு பெட்டியின் கயிறு தளர்ந்திருந்தது. அதைத் தொடாமல் வெளியே வந்தார்.

மரக்கடையில் வழவழப்பான பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர், "என்ன அளவுக்கு அறுக்கணும் சொல்லுங்க, மெஷின்ல போட்டுக் குடுத்துடறேன்" என்றார். தையல்காரர் உள்ளங்கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கையில் இருந்ததைவிட நாலு விரல் கூடுதலாகச் சொன்னார்.

வாசகரே, கவனித்தீர்களா? அவர் கவனிக்கவில்லை. வாழ்நாளெல்லாம் துணி வெட்டியவர். உடம்பு எவ்வளவோ அவ்வளவே துணி வெட்டுகிற தையல்காரர் உலகத்தில் உண்டா? தையலுக்கு விட வேண்டும், மூச்சு விட இடம் விட வேண்டும், உட்கார்ந்து எழ விட வேண்டும். கூட வெட்டினால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், குறைத்து வெட்டினால் அழ வேண்டியதுதான். ஆனால் சுவர் மூச்சு விடாது, பலகையைப் பிடித்துத் தைக்கவும் முடியாது. பழக்க தோஷம் அவர் காலை வாரிவிட்டது என்றுதான் இதை எழுதும்போது நான் நினைத்தேன். அது முழுக் காரணம் இல்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

4

இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். "இவ்வளவு நல்லவனா ஒருத்தன் இருப்பானா?" என்றார். தன்னை யாரோ மறைமுகமாகக் குத்திக்காட்டியது மாதிரி அவர் முகம் இருந்தது.

கேள்வி நியாயமானதுதான். உட்கார்ந்து தையல்காரருக்குக் குறை தேடினேன். மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுக்க மாட்டார். கேட்டால், "எங்கேம்மா மிஞ்சுச்சு?" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வார். சொன்ன தேதிக்கு எந்த உருப்படியையும் கொடுத்ததில்லை. யோசனை கேட்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. இவையெல்லாம் சில்லறைக் குறைகள். பெரியது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த அலமாரியை அவர் அந்தப் பெண்ணுக்காக மட்டும் செய்யவில்லை. அவள் போய்விட்டால் அவள் அம்மாவில் பாதி கூடவே போய்விடும் என்று அவருக்குத் தெரியும். வயசான காலத்தில் கிடைத்த வீட்டுச் சத்தம் நின்றுவிடுமோ என்ற பயம் அவருக்கு. பயத்தில் செய்கிற நல்ல காரியம் நல்ல காரியமா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு அந்த மனுஷனை இன்னும் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது.

இனி வேலை. வெட்டுமேஜையை ஓரம் தள்ளிவிட்டுப் பலகைகளை முன்னறைத் தரையில் பரப்பினார். உப்புத்தாள் போட்டு விளிம்புகளைத் தேய்த்தார். இணைக்கிற இடங்களில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டார். மரத்தில் அந்த நீலக்கோடு விழுந்ததைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு பக்கப்பலகையில் ஸ்க்ரூவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினார். சடக்கென்று பலகை ஓரத்தில் விரிசல் விட்டது.

அடுத்த அறை வாசலில் தொண்டைச் செருமல் கேட்டது.

"முதல்ல சின்னதா துளை போடணும்" என்றாள் பெட்டிக்காரி. "அப்புறம்தான் ஸ்க்ரூ. இல்லைன்னா மரம் பிளந்துடும்."

"அப்படியா?"

"ஓரத்துக்கு இவ்ளோ கிட்டயும் போடக் கூடாது."

"உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"அப்பா." ரேடியோப் பெட்டிகளுக்கு மரக்கூடு செய்வாராம் அவர்.

அந்த வார்த்தை அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக அதற்கு முன்னால் விழுந்ததில்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற ஓசை நின்றது. தையல்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்காரு. துளை எவ்ளோ பெருசு போடணும்?"

"ஸ்க்ரூவை விடச் சின்னதா. பக்கத்துல வெச்சுப் பாத்துப் போடுங்க" என்றவள், இரண்டு அடி உள்ளே வந்து, பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். துளை போட்டு முடிகிற வரைக்கும் பிடித்திருந்தாள். பிறகு போய்விட்டாள். மறுநாளும் அவர் பலகையை எடுக்கிற சத்தம் கேட்டதும் வந்தாள். சட்டம் முழுக்கப் பூட்டிய பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளக்கச் சொன்னாள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் கோணல் இல்லை என்று அர்த்தமாம். ஒன்றாகத்தான் இருந்தது. [ஆசிரியர் கவனிக்க: துளை போடுவதும் குறுக்களவு பார்ப்பதும் கட்டுரைக்கு உதவும்.]

குறுக்கே அளந்தார்களே தவிர, அகலத்தை யாரும் அளக்கவில்லை.

5

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒழுங்கான எழுத்தாளராக இருந்தால் இதை முதலிலேயே சொல்லியிருப்பார். பெட்டிக்காரி இந்த வீட்டுக்கு வரும்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவள் அறைக் கதவு மூட வேண்டும், உள்ளே தாழ்ப்பாள் இருக்க வேண்டும். தையல்காரர் அன்றைக்கே புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டார். அந்தக் கதவுக்குப் பின்னால் அவள் அழுதாளா, படித்தாளா, தூங்கினாளா என்று அவர் கேட்டதில்லை. எனக்கே அது இப்போதுதான் தோன்றுகிறது, அதனால் உங்களுக்கும் இப்போதுதான் சொல்ல முடிகிறது.

சனிக்கிழமை மதியம் இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியை நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மூலையை ஒட்டி அழகாக நின்றது. மறுபக்கம் கதவு நிலையைத் தாண்டி நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. உள்பக்கமாகத் திறக்கிற கதவு அது. பெட்டிக்காரி மூடிப் பார்த்தாள். கதவு வந்து அலமாரியின் பக்கப்பலகையில் 'டக்'கென்று முட்டி நின்றது. இன்னொரு தரம் தள்ளினாள். இன்னொரு டக். ஒரு ஆள் பார்க்கிற அளவுக்கு இடைவெளி.

தையல்காரர் தானும் ஒரு தரம் தள்ளிப் பார்த்தார். "பிள்ளையார் பிடிக்கப் போய்…" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

"அளந்துட்டுதானே வெட்டினீங்க?"

"அளந்தேம்மா."

"அப்புறம் ஏன் இவ்ளோ பெருசு?"

அவர் கழுத்து டேப்பை உருவிக் கையில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார். இந்த இடத்தில் அவர் வாயில் நான் ஒரு வாக்கியம் போட்டு வைத்திருந்தேன்: "பழக்க தோஷம்மா, தையலுக்குச் சேத்து விட்டுட்டேன்." சிரிப்பு வரும், காட்சி முடியும். அவர் அதைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

"வளர்ற பிள்ளைங்களுக்கு அளவா தைக்கக் கூடாதும்மா" என்றார். "கீழ நல்லா மடிச்சு உள்ள விட்டுருவேன். அடுத்த வருஷம் பிரிச்சு இறக்கிக்கலாம். உன் ஸ்கர்ட்டெல்லாம் அப்படித்தான். ரெண்டு வருஷம், மூணு வருஷம் வரும்."

"அது துணி. பலகைக்கு என்ன மடிப்பு?"

"அதுக்கில்ல… புத்தகம் கூடும்ல. இப்ப உங்கப்பா புத்தகம். அப்புறம் நீ வாங்குவ. பத்தாவது, பன்னெண்டாவது, நீ காலேஜ் போற வரைக்கும்…"

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

பெட்டிக்காரி அவரை நேராகப் பார்த்தாள். "நான் அதுவரைக்கும் இங்க இருப்பேன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"நானாதான் விட்டுக்கிட்டேன்" என்றார் தையல்காரர்.

அவர் முகத்தில் திருட்டு பிடிபட்ட களை. அவள் முகத்தில் கோபமா, வேறு ஏதாவதா, சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நான் இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நாலு விரல் தப்பு என்று நான் நினைத்தது தப்பே இல்லை. அந்த மனுஷன் வாயால் சொல்லத் தெரியாததை மரக்கடை மெஷினிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரு திரை தெச்சுத் தரட்டா?" என்றார் கடைசியில்.

"திரைக்குத் தாழ்ப்பாள் கிடையாது."

"சரிதான். நாளைக்குக் காலைல பிரிச்சு, நாலு விரல் வெட்டிடறேன்."

அவள் அலமாரியின் மேல்தட்டில் கை வைத்தாள். சாக்கட்டியின் நீலக்கோடு இன்னும் அழியாமல் இருந்தது. "நான் யோசிக்கணும்" என்றாள்.

"யோசிம்மா. நீ சொல்ற வரைக்கும் தொட மாட்டேன்."

6

இனி முடிவு. இதற்குத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பெட்டிக்காரியின் அப்பா இருந்திருந்தால் இத்தனை நேரம் இழுத்ததற்கு என்னை நன்றாகத் திட்டியிருப்பார். துப்பறியும் நாவல் வாங்கினால் முதலில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, கொலைகாரன் பெயரைப் பென்சிலால் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிற ஆள் அவர். "முடிவு தெரிஞ்சா நிம்மதியா படிக்கலாம்ல?" என்பாராம். மகள் இதற்காக அழுது ஊரைக் கூட்டியிருக்கிறாள்.

முடிவுகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. எழுதிய வரிசையில் தருகிறேன்.

அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்று —

[கிழித்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து ஒருவரை மட்டும் கூப்பிட்ட வார்த்தையை ஒரு அலமாரிக்காக இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுப்பாளா அவள்? அந்த அப்பாவுக்கும் இந்த மனுஷனுக்கும், இருவருக்குமே அது மரியாதை இல்லை.]

அத்தை வருகிறாள். பெட்டிகள் வேனில் ஏறுகின்றன. வெறும் அலமாரியின் முன்னால் தையல்காரர் —

[இதையும் விட்டுவிட்டேன். அவரை அழவைத்துவிட்டு நான் மட்டும் நல்ல கதை எழுதினேன் என்று தூங்குவதா?]

கதவைத் திருப்பி வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டால்? அலமாரியும் இருக்கும், தாழ்ப்பாளும் இருக்கும்! எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் தெருத் தச்சரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "மாத்தலாம்மா, அதுக்கு நிலையையே பேத்து எடுக்கணும். சுவரும் கூட வரும். யாரு வீடு?" என்றார். கதையில் வருகிற வீடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒரு சொந்தக்காரர் வீடு என்று சொல்லிவிட்டு வந்தேன். மேலும், கதவு வெளிப்பக்கம் திறக்கிறது என்று எழுதினால் விமர்சகர்கள் அதில் அர்த்தம் கண்டுபிடித்தே என்னைக் கொன்றுவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர், "பேசாம நாலு விரல் வெட்டிட்டு ஆக வேண்டியதைப் பாரேன்" என்றார். அதுவும் சரிதான். வெட்டினால் கதவு மூடும். ஆனால் வெட்டியெடுக்கிற அந்த நாலு விரல் துண்டை அவர் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? அதை நினைத்தால் எனக்குக் கை வரவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். நான் தடுத்துப் பார்த்தேன், வேன் பஞ்சர் ஆகிற மாதிரி ஒரு பத்தி எழுதினேன், அதெல்லாம் நிற்கவில்லை. லீவு அன்றோடு முடிகிறது, வந்துதானே ஆக வேண்டும்.

முன்னறையில் நாற்காலி போட்டார்கள். அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். "நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டவள் பதிலைக் கேட்காமலே உள்ளே போய், அடுக்களை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க, உன் ரூமைக் காட்டு" என்று எழுந்துபோன அத்தை, அலமாரியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தட்டைத் தடவிப் பார்த்தாள். "யாரு செஞ்சது? நீங்களா? தம்பி பார்த்திருந்தா விடமாட்டான், இதை எப்படிப் பூட்டினீங்க, அதை எப்படிப் பூட்டினீங்கன்னு உயிரை எடுத்திருப்பான்." பிறகு கதவையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்து, "இங்க இடிக்குதே" என்றாள்.

"ஆமாங்க. கணக்கு தப்பிடுச்சு" என்றார் தையல்காரர்.

"எங்க வீட்ல அந்த ரூம்ல பெரிய சுவர். தாராளமா நிக்கும்."

அவள் எதார்த்தமாகத்தான் சொன்னாள். ஆனால் அது அந்த மனுஷனுக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர் பார்த்துப் பார்த்துச் செய்த அலமாரி பொருந்துகிற வீடு அவருடையது இல்லை. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் அவர் கோபப்பட்டிருக்கலாம். மழுப்பியிருக்கலாம். நான் எதையும் எழுதவில்லை, பேனாவை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அவராகவே பேசினார்.

"எடுத்துட்டுப் போறதுன்னாலும் எடுத்துட்டுப் போம்மா" என்று பெட்டிக்காரியிடம் சொன்னார். "நீ இருந்தாத்தான் தருவேன்னு செய்யல. உனக்குன்னு செஞ்சது. ஸ்க்ரூவைக் கழட்டினா வேன்ல படுக்க வெச்சுடலாம். நான் வந்து அங்க மாட்டித் தரேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கை, சும்மா இருக்க முடியாமல், கழுத்தில் இல்லாத டேப்பைத் தேடியது.

எல்லோரும் பெட்டிக்காரியைப் பார்த்தார்கள். அத்தை, அம்மா, அவர். நானும்தான். நீங்களும்தான்.

"கொஞ்ச நேரம் யாரும் உள்ள வராதீங்க" என்றாள் அவள். உள்ளே போனாள். கதவைத் தள்ளினாள். டக்.

நான் முடிவு எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பெண் விஷயத்தில் இதுவரை எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். அவளைக் கேட்டுக்கொண்டு அவள் அப்பா சாகவில்லை. அவளைக் கேட்டுக்கொண்டா அம்மா வீடு மாறினாள்? பேரைக்கூட நான்தான் வைத்தேன், பெட்டிக்காரி என்று, கேட்காமல். அவளுக்கு முதன்முதலாக ஒரு முடிவு அவள் கையில் வந்திருக்கிறது. அதையும் நான் பிடுங்கி எழுதிக்கொண்டு போனால் நான் என்ன மனுஷி?

உள்ளே பெட்டி ஒன்று தரையில் உரசி நகர்கிற சத்தம் கேட்கிறது. அவள் அதை அலமாரிப் பக்கம் இழுக்கிறாளா, வாசல் பக்கம் தள்ளுகிறாளா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு ஆள் பார்க்கிற அளவுக்கு இடைவெளி இருக்கிறதே.

தையல்காரர் பார்க்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இடைவெளிக்கு நேராகப் போட்டு, அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். மூடாத கதவுக்குப் பதில் அவர் இருக்கிறார். அத்தை ஏதோ கேட்க வாயெடுத்தவள், அவரைப் பார்த்துவிட்டுத் தானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நானும் திரும்பிக்கொள்கிறேன். பாக்கி நீங்கள் ஒருவர்தான்.

அந்தக் கதவு மூடாது. இந்தப் பக்கத்தை மூடலாம். அவளுக்காக மூடிவிடுங்கள்.